கினிப்பிக் கூட்டில் பிளீஸ்: ஈரம், நாற்றம், சொறி வந்தால் எதை முதலில் பார்ப்பது

பரந்தனில் எங்கள் வீட்டு விறாந்தையில் 2017 முதல் கினிப்பிக் (கினி எலி) நிற்கிறது. முதலில் மரக்காலையில் அள்ளிவந்த தூள் போட்டோம். தூசி கிளம்பி அதுகளும் தும்மின, நாங்களும் தும்மினோம். பிறகு உமி போட்டோம். ஒன்றுக்குக் கண்ணில் குத்திவிட்டது. கனடாவில் இருக்கும் மச்சாள் பெட்டி போடும்போது இடம் நிரப்ப இரண்டு பிளீஸ் (fleece, மெத்தென்ற செயற்கை நூல் துணி) போர்வை வைத்திருந்தா. இந்த வெக்கைக்கு அதை யார் போர்ப்பது? அப்படித்தான் அது கூட்டுக்குள் போனது.

அதைப் பார்த்துத் தாங்களும் விரித்தவர்கள் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நாறுகிறது, ஈரம் போகுதில்லை, எறும்பு மொய்க்குது, கால் சிவந்திட்டுது. பத்துக் கூடு பார்த்தால் ஒன்பதில் பிழை மேலே விரித்த துணியில் இல்லை. கீழே வைத்ததிலும் தோய்த்த விதத்திலும்தான் இருக்கும். ஆனபடியால் துணியைக் குப்பையில் போடுவதற்கு முன் கீழே உள்ள ஒழுங்கில் ஒருமுறை பாருங்கள்.

நான் விரிக்கும் முறை இது. பலகைத் தளத்தின்மேல் குழந்தைப்பிள்ளைக்கு விரிக்கும் றப்பர் சீற். அதன்மேல் மூன்று நான்கு மடிப்புப் பருத்தித் துணி, அதாவது பழைய சாரம் அல்லது நூல் சேலை. எல்லாவற்றுக்கும் மேலே பிளீஸ். பிளீஸ் தண்ணீரைக் குடிக்காது, கீழே விட்டுவிடும். குடிப்பது பருத்தி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

கூடு இரண்டு உருப்படிக்குக் குறைந்தது எட்டுச் சதுர அடி வேண்டும். அதைவிடச் சின்னது என்றால் இங்கே சொல்லும் எதுவும் சரிவராது. முதலில் கூட்டைப் பெருப்பியுங்கள். கம்பி வலைத் தளத்தின்மேல் வெறும் பிளீஸை விரித்தவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பலகை போட்டுவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

## மேலே ஈரம் நிற்கிறது

துணியைத் தொடாமல் முதலில் தண்ணீர்ப் போத்தலைப் பாருங்கள். அதன் கீழ் ஒரு ரிசுத் தாளை மடித்து வைத்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். நனைந்திருந்தால் குற்றவாளி போத்தல். குழாய் முனையில் உள்ள குண்டில் தூசியோ புல்லுத் துரும்போ சிக்கியிருக்கும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கத்துப் புழுதிக்கு இது கிழமைக்கு ஒருமுறை நடக்கும். கழற்றிக் கழுவினால் சரி. காசு செலவில்லை.

போத்தல் ஒழுகவில்லை என்றால் கரண்டிச் சோதனை. ஒரு மேசைக்கரண்டி தண்ணீரைப் பிளீஸில் ஊற்றி இருபது எண்ணுங்கள்.

### துளி உருண்டு நிற்கிறது

விசுவமடுவிலிருந்து ஒரு பெடியன் துணியைச் சொப்பிங் பையில் சுருட்டிக்கொண்டு வந்தான். கிணற்றுக்கட்டில் விரித்துக் கரண்டியால் ஊற்றினோம். தாமரையிலைத் தண்ணீர்தான். துளி அப்படியே குண்டாக நின்றது. துணியின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் உருண்டு ஓடியது, துணி நனையவேயில்லை.

"எத்தினை தரம் தோய்ச்சனி?"

"ஒருக்கா, அண்ணை. அம்மா வாசத்துக்கு ரெண்டு மூடி ஊத்தினவா."

காரணம் இரண்டும் அந்த ஒரே பதிலில் வந்துவிட்டன.

ஒன்று, புதுத்துணி. கடையிலிருந்து வரும் பிளீஸில் பூச்சு ஒன்று இருக்கும். அது போகும்வரை தண்ணீர் இறங்காது. கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் மூன்று நான்கு தரம் தோய்த்துக் காயவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் காய்ந்த பிறகு கரண்டிச் சோதனை. என்னிடம் உள்ள ஒரு துணி ஆறாவது தோய்ச்சலில்தான் வழிக்கு வந்தது. பொறுமை வேண்டும்.

இரண்டு, அலசும் தண்ணீரில் வாசத்துக்கு ஊற்றும் மென்மையாக்கும் திரவம். அது நூலைச் சுற்றி வழுவழுப்பாகப் படிந்து தண்ணீரைத் தடுக்கும். சவர்க்காரத் தூளைக் குறைத்து இரண்டு தரம் சுடுதண்ணீரில் தோய்த்து, கடைசி அலசலில் ஒரு வாளிக்கு ஒரு கோப்பை வினாகிரி விடுங்கள். இனிமேல் அந்த வாசப் போத்தலை இந்த வாளிப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

மூன்றாவது காரணம் எங்கள் வன்னிக் கிணறுகளில் வருவது. உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல் படிகிறதா? அப்படியென்றால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர். அதில் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்போம். அந்தச் சவர்க்காரம் சுண்ணாம்போடு சேர்ந்து பசை மாதிரித் துணியிலேயே நின்றுவிடும். துணி காய்ந்ததும் மொறமொறவென்று அப்பளம் போல இருந்தால் இதுதான். கட்டிச் சவர்க்காரத்தை விடுங்கள், தூள் நல்லது. அதையும் வழமையில் பாதி போடுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் வினாகிரி.

மூன்றும் பார்த்தாயிற்று, துளி இன்னும் நிற்கிறது என்றால் அது பிளீஸே இல்லாமல் இருக்கலாம். நீண்ட மயிர் வைத்த, இரட்டைத் தடிப்புப் பளபளப்புப் போர்வைகள் பார்வைக்கு ஒன்றுதான். அதில் மயிரும் புழுக்கையும் சிக்கும், நகம் மாட்டும், தண்ணீர் இறங்க நேரமெடுக்கும். ஒரு ஓரத்தைக் கத்தரித்துப் பாருங்கள். பிளீஸ் என்றால் வெட்டிய இடத்தில் நூல் பிரியாது. பிரிந்தால் அதை நாய்க்குக் கொடுத்துவிட்டு வேறு துணி தேட வேண்டியதுதான்.

வாங்கும்போது வெளிர்நிறம் பாருங்கள். கறுப்பும் கடும் நீலமும் அழுக்குக் காட்டாது என்று சனம் விரும்பி எடுக்கும். எனக்கு அழுக்குத் தெரிய வேண்டும். ஏனென்று பின்னால் வருகிறது.

### துளி இறங்குகிறது, ஆனாலும் கை வைத்தால் ஈரம்

துணியில் பிழை இல்லை, கீழே இடமில்லை. ஒரு ரிசுவை மடித்து மேலே வைத்து முட்டியால் அழுத்திப் பத்து எண்ணுங்கள். நனைந்து வந்தால் பிளீஸைத் தூக்குங்கள். பருத்தி றப்பர் சீற்வரை ஊறிப்போய் இருக்கும். மடிப்புக் கூட்டுங்கள், அல்லது ஒரு நாள் முன்னதாக மாற்றுங்கள்.

பருத்தி காய்ந்தே இருக்கிறது, பிளீஸ் மட்டும் ஈரம் என்றால் நீங்கள் கீழே வைத்தது பருத்தி இல்லை. இப்போது வரும் சேலை, சாரம் பாதி பொலியெஸ்ரர். உரப்பையை மடித்து வைத்தவர் ஒருவரும் இருந்தார். அது முழுப் பிளாஸ்ரிக், அதில் ஒரு சொட்டும் ஊறாது. சணல் சாக்கு ஊறும், ஆனால் காய இரண்டு நாள் செல்லும், தும்பும் கழரும். பழைய துவாய் நல்லதுதான், அதன் வில்லங்கம் மாரியில் தெரியும்.

கினிப்பிக் இரண்டும் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ மூலையில்தான் பெய்யும். அந்த மூலைகளுக்கு ஒரு சாண் அகலத்தில் தனித்துண்டு தைத்து மேலே போட்டு, அதை மட்டும் தினம் மாற்றினால் முழுப் படுக்கையும் ஒரு நாள் கூடுதலாக நிற்கும்.

## இரண்டாம் நாளே நாறுகிறது

மூக்கை எங்கே வைத்தால் நாற்றம் கூடுகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து.

### துணியைத் தூக்கும்போது அடிக்கிறது

மாற்ற வேண்டிய நேரம் கடந்துவிட்டது. இரண்டு உருப்படிக்கு நான்கு நாள் என்பது கணக்கு. பங்குனி, சித்திரை வெக்கையில் நான் மூன்றாம் நாளே எடுத்துவிடுவேன். புழுக்கையைக் காலை மாலை இரண்டு தரம் கூட்டி அள்ள வேண்டும். பிளீஸ் என்றால் கூட்டத் தேவையில்லை என்று யார் சொன்னார்களோ தெரியாது. தூள் போட்டால் புழுக்கை மறையும், பிளீஸில் மேலே தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மூக்கு எரிகிற மணம் உங்களுக்கே தெரிகிறது என்றால் நிலத்தோடு மூக்கு வைத்துப் படுக்கும் அதுகளுக்கு என்ன பாடு என்று யோசியுங்கள். அந்த மணம்தான் சளி பிடிப்பதன் தொடக்கம்.

### துணி எல்லாம் எடுத்தும் கூடு நாறுகிறது

பலகை குடித்துவிட்டது. றப்பர் சீற்றை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், ஊசி முனை அளவு ஓட்டை போதும். பெரும்பாலும் ஓரத்தில் கடித்திருக்கும். சீற்றை மாற்றி, பலகையை வினாகிரித் தண்ணீரால் தேய்த்து, ஒரு முழுநாள் வெயிலில் குப்புற வையுங்கள். அதற்கும் போகாவிட்டால் காய்ந்த பிறகு இரண்டு கை பெயின்ற் அடித்து, பெயின்ற் மணம் முழுவதும் போனபின் விடலாம். பலகை உப்பி உரிந்திருந்தால் பெயின்ற் காசையும் வீணாக்காமல் தச்சரைக் கூப்பிட்டுத் தளத்தை மாற்றுங்கள். இந்தப் பட்டியலில் காசு கூடிய வேலை இதுதான்.

### தோய்த்துக் காய்ந்த துணியே நாறுகிறது

காய்ந்திருக்கும்போது மணக்காது, முதல் தரம் பெய்ததும் பழைய நாற்றம் எழும்பும். தோய்த்தும் போகாமல் உள்ளே நின்ற மூத்திரமும் சவர்க்காரமும்தான் அது. தோய்க்கும் ஒழுங்கைப் பாருங்கள்.

வேலியில் போட்டு நன்றாக உதறிப் புல்லும் மயிரும் போக்க வேண்டும். பிறகு சவர்க்காரம் இல்லாமல் வெறும் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டுப் பிழிந்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். வாழையடிக்கு ஊற்றலாம், எங்கள் வீட்டுக் கதலி அதில்தான் நிற்கிறது. அதன் பிறகுதான் சூட்டுத் தண்ணீரும் தூளும். கடைசியில் வினாகிரி அலசல், பிறகு வெயில். பலர் அந்த முதல் வெறும்தண்ணீர்ச் சுற்றை விட்டுவிடுகிறார்கள். மூத்திரத்தோடேயே சவர்க்காரம் போட்டால் இரண்டும் வீண்.

ஒரு எச்சரிக்கை. கிணறு இறைத்துவிட்டுப் போடும் குளோரின் தூள் பல வீடுகளில் மிச்சம் இருக்கும். நாற்றம் போகட்டும் என்று அதை மூத்திரத் துணி ஊறும் வாளியில் போடாதீர்கள். மூத்திரத்தில் இருப்பது அமோனியா. இரண்டும் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சுவாயு வரும். வினாகிரியோடு சேர்த்தாலும் அதே கதிதான். நான் ஒருமுறை பூட்டிய குளியலறைக்குள் இந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்து, கண் எரிந்து வெளியே ஓடிவந்தேன்.

### துணி சுத்தம், ஆளே நாறுகிறார்

கிடாய் என்றால் பின்புறத்தில் வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிசுக்குச் சுரப்பி இருக்கும். அதில் எண்ணெய்ப் பிசுக்குக் கட்டி மணக்கும். தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவி ஐந்து நிமிடம் விட்டு, மெதுவான துணியால் துடையுங்கள்.

வயிற்றடி நனைந்து, மயிர் ஒட்டிப் பழுப்பாக இருந்தால் அது பிசுக்கு இல்லை. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## மாரியில் துணி காயவில்லை

ஐப்பசி பிறந்தால் என் வீட்டுக் கொடியில் எங்கள் உடுப்புக்கு இடமில்லை. பிளீஸ் ஒரு பிரச்சினையே இல்லை. நன்றாகப் பிழிந்தால் கூரைக்குக் கீழேயே அரை நாளில் காய்ந்துவிடும். காயாமல் கிடப்பது கீழே விரிப்பதுதான். தடித்த துவாய், தைத்துப் பொருத்திய பஞ்சுமெத்தை என்று வைத்திருப்பவர்கள் இந்த மூன்று மாதமும் அழுவார்கள்.

வழி இது. ஒரு தடித்த துணிக்குப் பதில் நாலு மெல்லிய துணி. மடிக்கும்போது கூட்டில் தடிப்பு ஒன்றுதான். கொடியில் விரித்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றுப் பிடிக்கும். இதனால்தான் நான் சாரத்திலும் நூல் சேலையிலும் நிற்கிறேன். பிளீஸையும் பருத்தியையும் சேர்த்துத் தைக்கவே வேண்டாம். சந்தையில் தைத்து விற்கும் அழகான விரிப்புகளின் குறையும் இதுதான். கோடையில் மூன்று தொகுதி போதும், மாரிக்கு ஐந்து வையுங்கள்.

அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் பூஞ்சணம் மணக்கும். திரும்ப வினாகிரியில் ஊறவைத்து வெயில் வரும் நாள் பார்த்துப் போடுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் அந்தத் துணியை எறிந்துவிடுங்கள், அடிப்பது அதுகளின் நெஞ்சில். அடுப்புக்கு மேலே கட்டிக் காயப்போடுவதும் வேண்டாம். புகை மணம் ஏறும், பிளீஸில் பொறி பட்டால் உருகும்.

ஐந்து தொகுதியும் ஈரமாகக் கிடக்கும் நாளும் வரும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து ஊரெல்லாம் வெள்ளம் நின்ற கிழமை, இரண்டையும் சாப்பாட்டு மேசைக்கு மேல் ஏற்றிப் பத்திரிகைத் தாளைக் கிழித்துப் போட்டு வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு இரண்டு தரம் மாற்றினால் தாளிலும் பிழைக்கும். பழைய பத்திரிகையை நனையாத இடத்தில் ஒரு கட்டு எப்போதும் வைத்திருங்கள்.

## புல் ஒட்டுகிறது, எறும்பு வருகிறது, ஈ மொய்க்கிறது

வெளிநாட்டுக்காரர் உலர்புல் வாங்கிப் போடுகிறார்கள். நாங்கள் ஒழுங்கையோரம் கினிப்புல் வெட்டிப் போடுகிறோம். கினிப்பிக்குக்குக் கினிப்புல், பெயர்ப்பொருத்தம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. பனியோடு அல்லது மழையோடு வெட்டிய புல்லை அப்படியே பிளீஸில் போட்டால் துணி ஈரம், புழுக்கை இளகல், ஈ, மூன்றும் ஒரே நாளில் வரும். புல்லைத் தண்ணீர் வடியவிட்டு, தாழ்ந்த தட்டு ஒன்றிலோ பெட்டியிலோ தனியாக வையுங்கள். ஒட்டியதை உடுப்புத் தேய்க்கும் பிரஷால் ஒரே பக்கமாக வழியுங்கள். றப்பர் கையுறை இன்னும் நல்லது. நெருஞ்சியும் ஒட்டுப்புல்லும் இருக்கும் இடத்தில் வெட்டாதீர்கள். முள் துணிக்குள் நின்றால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். தோய்ப்பு இயந்திரம் வைத்திருப்பவர்கள் உதறாமல் போட்டால் குழாய் அடைக்கும், பிறகு திருத்துபவரைக் கூப்பிட வேண்டிவரும்.

எறும்பு வந்தால் பிளீஸின் மடிப்புக்குக் கீழே கரட், கொய்யாத்துண்டு ஏதோ கிடக்கிறது. எடுத்துவிட்டு, கூட்டுக் கால்களைத் தண்ணீர் விட்ட சிரட்டையில் அல்லது மீன் ரின்னில் வையுங்கள். அலுமாரிக்குச் செய்கிற அதே வேலை. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் நுளம்பு வளர்ப்பீர்கள். எறும்புத் தூள், பூச்சி மருந்து எதுவும் கூட்டுப் பக்கம் வேண்டாம்.

ஈ மொய்ப்பதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். பின்பக்கம் ஈரமாயோ அழுக்காயோ இருந்தால் ஈ அங்கே முட்டையிடும். எங்கள் வெக்கையில் ஒரே நாளில் புழு வரும். தினம் ஒருமுறை தூக்கி வயிற்றடியைப் பாருங்கள். ஒரு புழு கண்டாலும் அன்றே மிருக வைத்தியர். விடியட்டும் பார்ப்போம் என்ற பேச்சு இல்லை.

## துணிக்குக் கீழே நுழைகிறது, துணியைத் தின்கிறது

நுழைவது பயத்தால். ஒளிக்க இடம் இல்லை, ஆகவே துணிக்குள் போகிறது. ஆளுக்கொரு மட்டைப்பெட்டியில் இரண்டு வாசல் வெட்டி வையுங்கள். பிளீஸின் ஓரத்தை றப்பர் சீற்றுக்குக் கீழே மடித்துச் செருகி, மூலைக்கு ஒரு செங்கல் வையுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

தின்பது வேறு கதை. கடித்துத் துப்பினால் புல் போதாது. நாள் முழுக்கப் புல் கிடக்க வேண்டும். விழுங்குவதைக் கண்டால் பிளீஸை எடுத்துவிட்டுத் தாளுக்கு மாறுங்கள். அது நெகிழி, வயிற்றில் கரையாது. புழுக்கை சின்னதாகவோ குறைந்தோ போனால், அல்லது அரை நாளாக ஒன்றும் தின்னவில்லை என்றால், வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கினிப்பிக்கின் குடல் ஓயாமல் ஓட வேண்டும். நின்றால் ஒன்றிரண்டு நாளில் ஆள் இல்லை.

கீழே துவாய் வைத்திருந்தால் அதன் நூல்வளையத்தில் நகம் மாட்டும். தையல் பிரிந்த நூல் குட்டியின் காலில் சுற்றி இறுகிவிடும். மாற்றும்போதெல்லாம் ஓரங்களை விரலால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

## வெக்கையில் நீட்டிப் படுத்துக் கிடக்கிறது

பிளீஸ் சூடென்று எல்லாரும் முதலில் துணியை இழுத்து எடுப்பார்கள். கூரையைப் பாருங்கள். தகரத்துக்குக் கீழே வைத்த கூடு என்றால் துணியை எடுத்துப் பயனில்லை. இருபத்தெட்டுப் பாகைக்கு மேலே போனாலே அதுகளுக்குக் கஷ்டம். மத்தியானத்தில் எங்களுக்கு முப்பத்தைந்து. காலை பத்து மணிக்கு வீட்டுக்குள் சீமெந்துத் தரைக்கு மாற்றுங்கள். கூட்டின் ஒரு பாதியில் துணி இல்லாமல் தரையோட்டுத் துண்டு ஒன்று போட்டு வையுங்கள், விரும்பினால் அதில் படுக்கும். தண்ணீரை உறையவைத்த போத்தலைத் துணியில் சுற்றி வைக்கலாம். மின்வெட்டு நாளுக்கு இரண்டு போத்தல் கூடுதலாக இருக்கட்டும்.

வாயால் மூச்சு, வாயோரம் எச்சில், தூக்கினால் துவண்டு விழுவது, இவற்றில் ஒன்று கண்டாலும் காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் அமுக்காதீர்கள்.

## துணியில் நிறம், காலில் சிவப்பு, உடம்பில் சொறி

வெளிர்நிறத் துணி வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

### வெள்ளைத் தூள் படிகிறது

கொஞ்சம் பால்நிறமாகப் பெய்து, காய்ந்ததும் வெள்ளையாக நிற்பது வழமை. விரலால் தேய்க்க மணல் போல நறநறத்தால் சுண்ணாம்புச் சத்துக் கூடிவிட்டது. என்ன போடுகிறீர்கள்? பல வீட்டில் பதில் முட்டைக்கோழித் தீன். முட்டையோட்டுக்காகச் சுண்ணாம்பு கூட்டிச் செய்த தீன் அது, இதுகளுக்கு ஆகாது. நிறுத்துங்கள். முருங்கையிலை, அகத்தி தினம் போடுவதையும் குறையுங்கள். வன்தண்ணீருக்குப் பதில் வடிகட்டிய தண்ணீர் வைத்துப் பாருங்கள். பெய்யும்போது முதுகை வளைத்துக் கீச்சிட்டால் கல் இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

### சிவப்பு, செம்மஞ்சள்

பீற்றூட் கொடுத்தீர்களா? நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள். பெய்து காற்றுப் பட்ட பிறகு செம்மஞ்சளாக மாறுவதும் உண்டு. ஆனால் பெய்த உடனே சிவப்பு, அல்லது துணியில் இரத்தத் துளி என்றால் காத்திருக்க வேண்டாம்.

### உள்ளங்கால் சிவந்திருக்கிறது

ஈரத்துணியா, மொறமொறத்த துணியா என்று முதலில் பாருங்கள். இரண்டும் மேலே வந்துவிட்டது. பிறகு நகம் வளர்ந்து காலைத் திருப்புகிறதா, ஆள் மிஞ்சிக் கொழுத்துவிட்டாரா. அடுத்தது விற்றமின் சி. கினிப்பிக்கும் எங்களைப் போலத்தான், அதன் உடம்பு அதைச் செய்துகொள்ளாது. தினம் ஒரு துண்டு கொய்யாப்பழம் அந்தக் குறையைத் தீர்க்கும். சிவப்பு மட்டும் என்றால் காய்ந்த மெத்துத் துணியில் ஒரு கிழமையில் ஆறும். பொருக்கு, வீக்கம், நொண்டல் கண்டால் எலும்புவரை போகக்கூடியது; வைத்தியரிடம் காட்டுங்கள்.

### சொறிகிறது, மயிர் கொட்டுகிறது

வயிற்றடியும் காலும் மட்டும் சிவந்தால் சவர்க்காரம் அல்லது ஈரம். துணியை இரண்டு தரம் வெறும் தண்ணீரில் அலசிப் போட்டு நான்கு நாள் பாருங்கள். முதுகிலும் தோளிலும் மயிர் கழன்று, தொட்டால் துடித்து, வலிப்பு வந்தது போல உதறினால் உண்ணிச்சொறி. முகத்திலும் காதிலும் வட்டமாகச் செதில் எழும்பினால் பூஞ்சணப் படர்தாமரை. அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். கையில் வட்டம் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும், கினிப்பிக்கை மிருக வைத்தியரிடமும் கூட்டிப்போங்கள். அதுவரை துணியைத் தினம் மாற்றித் தனி வாளியில் தோயுங்கள்.

மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகப் போட்டுவிடாதீர்கள். ஒரு கிலோ அளவே உள்ள உடம்பு இது. பிள்ளைக்குக் கொடுத்து மிச்சமிருந்த அமொக்சிசிலின் பாணியையும் வாயில் விடாதீர்கள். பெனிசிலின் வகை வாய்வழியே போனால் இதன் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து ஆளே போய்விடும்.

### வைத்தியரிடம் போகும்போது

உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியர் பணிமனையில் அன்று வரிசையில் நிற்பது மாடும் ஆடும் நாயுமாகத்தான் இருக்கும். ஆகவே நீங்கள் விபரத்தோடு போங்கள். சமையல் தராசில் நிறுத்த எடை, கிழமைக்கு ஒருமுறை எழுதி வந்தது இருந்தால் அதுவும். வளர்ந்த ஒன்று எழுநூறு முதல் ஆயிரத்து இருநூறு கிராம் நிற்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். என்ன தின்கிறது, எந்தத் தூளில் துணி தோய்க்கிறீர்கள், எப்போதிருந்து இப்படி என்று ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய புழுக்கை கொஞ்சம், நிறம் பட்ட துணித்துண்டு தோய்க்காமல். "பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதாம், பார்த்துக் குடுங்கோ ஐயா" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஒருவரும் அதற்குக் கோவித்ததில்லை.

அவர் மேலே அனுப்பினால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஏ9 வழியே நீண்ட பயணம், ஆகையால் விடிய வெளிக்கிடுங்கள். காற்றுப்போக ஓட்டை போட்ட மட்டைப்பெட்டியில், இரவு அது படுத்த அதே பிளீஸை மாற்றாமல் விரித்துக்கொள்ளுங்கள். தன் மணம் இருந்தால் அவ்வளவு பயப்படாது. கூடவே நிற்கும் மற்றதையும் ஏற்றினால் இன்னும் அமைதி. தண்ணீர்ப் போத்தல் குலுக்கலில் ஒழுகித் துணியை நனைக்கும். அதற்குப் பதில் கெக்கரிக்காய் நாலு துண்டு வெட்டி உள்ளே போட்டுவிடுங்கள்.